பூஞ்செடி வளர்ப்பும் அறமும்

வீட்டு முற்றத்திலும் பாடசாலை வளவிலும் அழகின்பொருட்டுச் செடிகளை நட்டு, நீர் வார்த்து, கொம்பு நறுக்கி வளர்த்தல் நம்மவருட் பலர்க்கு வழக்கமாயுள்ளது. செவ்வரத்தை, நந்தியாவட்டை, வெட்சி, அலரி, மல்லிகை, குறோட்டன் என்னும் இவற்றுள் ஒன்றேனும் நில்லாத வளவு யாழ்ப்பாணத்திலே மிகச் சிலவேயாம். இவ்வழக்கம் அறத்தின்பாற் படுமோ, வெறும் பொழுதுபோக்கின்பாற் படுமோ என்று ஆராய்ந்தவர் அரியர். சிறு பொருளென்று கருதி விட்டமையே அதற்குக் காரணம். பெரிய காரியங்களிலே மனிதன் பிறர் கண்ணுக்கு அஞ்சி நடப்பான். சிறிய காரியங்களிலேதான் தன் இயல்பின்படி நடப்பான். ஆதலின், ஒருவனுடைய உள்ளத்தை அறிய விரும்புவார்க்கு அவன் தன் செடிக்குச் செய்வதும் ஒரு சான்றாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவர் எம்முடன் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர். ஆவணி மாதத்து வெயிலிலே, கிணற்று நீர் அடியிற் சென்றிருந்த நாளொன்றில், மாணவர் சிலர் பாடசாலை முன்றிலிலுள்ள செடிகளுக்கு நீர் வார்த்து நின்றனர்; வேலையாள் ஒருவர் வேலிச் செடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அதனை நோக்கிய அவ்வாசிரியர், "ஐயா, எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யலாகாது என்று வகுப்பிலே கற்பிக்கின்றோம்; வெளியே வந்து மாதந்தோறும் உயிருள்ள செடிகளை வெட்டுகின்றோம். நீரை வீண்செலவு செய்யலாகாது என்று கற்பிக்கின்றோம். காயுங் கனியுந் தாராத செடிகளுக்குக் குடங்குடமாக வார்க்கின்றோம். இது பொருந்துமா?" என்று வினவினார். யான் அப்பொழுது தக்க விடை கூறவியலாது, மணி அடித்தமையைச் சாட்டாகக் கொண்டு வகுப்பிற்குச் சென்றேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. பல மாதம் அதனைச் சிந்தித்துக் கண்டவற்றை, என்னோடொத்த ஆசிரிய அன்பர் ஆராயும்பொருட்டு இங்கே எழுதுகின்றேன்.

முதலில் நீரைப்பற்றிய வினாவை எடுத்துக்கொள்வோம். அது எளிதாகத் தள்ளத்தக்கதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மழைக்காலத்து மாத்திரமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்யும் வாடைக்காற்று மழையே நிலத்தினுட் சென்று, சுண்ணாம்புக்கல்லின் பொந்துகளிலும் வெடிப்புகளிலுந் தங்கி, எஞ்சிய மாதங்களுக்கெல்லாம் நமக்குக் கிணற்று நீராக உதவுகின்றது. அந்நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதோர் ஆடை போல்வது. அளவுக்கு மிஞ்சி இறைக்குமிடத்து, கீழுள்ள உவர் மேலேறிக் கிணறு கெடும். ஒருவன் இறைத்த மிகை அயலானுடைய கிணற்றையுந் தாக்கும். ஆதலின், நம் வளவிலுள்ள கிணறு நம்முடையதாயினும் அதிலுள்ள நீர் நம்முடையது மாத்திரமன்று. குறோட்டனுக்கு வார்க்கும் குடநீர் ஊரார் எல்லாருக்கும் பொதுவான பாத்திரத்திலிருந்து மொண்டதென்று உணர்தல் வேண்டும்.

அற்றேல், அழகுச் செடிகளை வளர்த்தலாகாதோ எனின், அஃதன்று. பொதுப்பொருளை எடுப்பவன் அளவறிந்து எடுத்தல் வேண்டுமென்பதே இதனாற் பெறப்படுவது. நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். குளிக்கும் நீர் வாய்க்கால் வழியாக வாழையடிக்கும் பூஞ்செடிக்கும் பாயுமாறு கிணற்றடியை அமைத்தனர். அரிசி கழுவிய நீரை வீணே கொட்டாது துளசியடிக்கும் மல்லிகையடிக்கும் விட்டனர். ஐப்பசி மழையோடு நட்ட செடி மார்கழிக்குள் வேரூன்றிவிடும். மாசியிலே நட்ட செடிக்கோ நாடோறும் நீர் வேண்டும். நாடோறுஞ் சிறிது சிறிதாகத் தெளிப்பின் வேர் மேன்மண்ணிலேயே படர்ந்து வெயிலுக்கு அஞ்சும். சில நாளைக்கொருமுறை மாலையிலே ஆழமாக நனைய விடின் வேர் கீழ்நோக்கிச் சென்று தானே நீர் தேடும். அடியிலே சருகை மூடி விடின் ஈரம் நெடுநாள் நிற்கும். அலரி, நந்தியாவட்டை, போகன்வில்லா என்பன இவ்வாறு வேரூன்றியபின் மிகச் சிறிது நீரிலே வாழ்வன. போகன்வில்லாவோ நீர் மிகுந்தால் இலையையே பெருக்கும். சிறிது வறட்சி கண்டபின்னரே நிறையப் பூக்கும். ஆகவே, சிக்கனம் செடிக்குப் பகையன்று. அளவறியாமையே செடிக்கும் ஊருக்கும் பகை.

இனி, பயனில்லாச் செடிக்கு இவ்வளவு பாடு எதற்கு என்பது அவ்வினாவின் மற்றொரு பகுதி. இதற்குச் சிலர், "பயனில்லாத செடி உலகில் இல்லை, நாம் அறியாமையாற் பயனின்றென்கின்றோம்" என்பர். அவர் காட்டுஞ் சான்று வலியதே. மடகாஸ்கர்த் தீவுக்குரிய நித்தியகல்யாணி நெடுங்காலம் உலகெங்கும் தோட்டத்து அழகுச் செடியாக வளர்க்கப்பட்டது. அதனிலைகளிலே புற்றுநோயை எதிர்க்கும் மருந்துப்பொருள்கள் உளவென்பது 1950களின் பிற்பகுதியிலேதான் வெளிப்பட்டது. குழந்தைகளைப் பற்றும் இரத்தப் புற்றுநோய்க்கு அவற்றுளொன்று இன்றும் முதன்மையான மருந்துகளுள் வைத்தெண்ணப்படுகின்றது. இஃது உண்மையாயினும், நம் வினாவுக்கு இது விடையாகாது. நாளைக்குப் பயன்படுமென்று இன்று காத்தல் வாணிகத்தின் வேறொரு வகையேயாம். பயன் பிந்தி வருமென்பதன்றி, பயனைக் கருதாமை அங்கில்லை.

உண்மையான விடை வேறிடத்தே உள்ளது. நாம் காணும் பொருள்களை எல்லாம் "இதனால் எனக்கு என்ன?" என்று கேட்டே நோக்கப் பழகியிருக்கின்றோம். மாட்டைக் கண்டாற் பாலை எண்ணுகின்றோம். பனையைக் கண்டாற் கிழங்கையும் ஓலையையும் எண்ணுகின்றோம். வாழ்க்கைக்கு அவ்வெண்ணம் வேண்டுவதே. ஆயின் அவ்வெண்ணம் ஒன்றையே உடையவன் நாளடைவில் மனிதரையும் அவ்வாறே நோக்குவான். வைகறையிலே நந்தியாவட்டை வெள்ளெனப் பூத்து நிற்கையில், அதனைப் பறிக்கவும் எண்ணாது, விற்கவும் எண்ணாது, சிறிது நேரம் நின்று பார்ப்பவன் அச்சிறிது நேரத்துக்குத் தன்னலத்தினின்றும் நீங்குகின்றான். அதனைப் பறித்து இறைவனுக்குச் சாத்துவோனும் தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்கின்றானில்லை. பார்த்தலும் சாத்தலும் இரண்டும் கொள்ளாது கொடுக்கும் பயிற்சியே. இப்பயிற்சிக்கு இடந்தருதலே பூஞ்செடியாற் பெறும் பயன்.

அடுத்து, வெட்டுதலைப்பற்றிய வினா. தாவரங்களுக்கு உயிருண்டென்பது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்து மரபியல் புல்லையும் மரத்தையும் ஊற்றுணர்வு ஒன்றுடைய ஓரறிவுயிராக எண்ணியுள்ளது. வங்காளத்து அறிஞர் ஜகதீச சந்திர போஸ் (1858–1937) செடிகள் தொடுதலுக்கும் வெப்பத்துக்கும் நஞ்சுக்கும் விடைதருதலை நுண்கருவிகளால் வரைந்து காட்டினார். ஓரிலையைப் புழு கடித்தால் அச்செய்தி கல்சிய அலையாகச் சில நிமிடங்களுக்குள் மற்றையிலைகளுக்குச் செல்லுதல் 2018ஆம் ஆண்டிலே ஒளிப்படமாகக் காட்டப்பட்டது. எனினும், தாக்கத்துக்கு விடைதருதல் வேறு, நோவை அனுபவித்தல் வேறு. நோவுக்கு இடமாகிய நரம்பும் மூளையும் செடிக்கில்லாமையால், நாம் அறியும் நோவு அதற்குண்டென்று கூறுதற்குச் சான்றில்லையென்பதே அறிஞர் பெரும்பான்மையோர் முடிபு. ஆகவே, கிளையை நறுக்குதலும் ஆட்டின் காலை வெட்டுதலும் ஒன்றென்பார் கூற்றுப் பொருந்தாது.

ஆயின், நோவில்லையெனவே எவ்வாறும் வெட்டலாமென்று முடித்தலும் பொருந்தாது. செடிக்கும் தான் வளர்ந்து பூத்து முதிர்தலென்னும் ஓர் ஒழுங்குண்டு. அவ்வொழுங்கை அறிந்து துணைசெய்யும் வெட்டும் உண்டு; அறியாது கெடுக்கும் வெட்டும் உண்டு. கொம்பின் நுனியிலுள்ள குருத்து ஒருவகை வளர்ச்சிப்பொருளைச் சுரந்து கீழே அனுப்பி, தனக்குக் கீழுள்ள பக்க மொட்டுகளை உறங்க வைக்கின்றது. ஓட்சின் எனப்படும் அப்பொருளின் இச்செயலை அறிஞர் 1930களிலே தெளிந்தனர். நுனியை நறுக்கியவுடன் உறங்கிய மொட்டுகள் விழித்து இரண்டு மூன்று கிளைகளாகின்றன. ஆட்டின் வெட்டுண்ட கால் மீளாது. செடியின் வெட்டுண்ட நுனியோ பலவாகப் பெருகும். ஆதலாற் செடியை நறுக்குதல் அதனியல்பாலேயே தீங்காகாது.

இனித் தீங்காவது எப்பொழுது? செவ்வரத்தை புதுத்தளிரிலே பூப்பது. ஆகவே முதிர்ந்த கொம்பை நறுக்கத் தளிரும் பூவும் மிகும். வெட்சியோ கொம்பின் நுனியிலேயே பூங்கொத்து வைப்பது. வேலியை மதில்போலச் சமமாக்க விரும்பி மாதந்தோறும் பெருங்கத்தரிக்கோலால் மேலே வெட்டுபவன், வரவிருக்கும் பூவை ஒவ்வொரு மாதமும் வெட்டி எறிகின்றான். பின்பு, "இவ்வெட்சி பூப்பதில்லை, நல்ல சாதியன்று" என்று செடியைக் குறைகூறுகின்றான். வேறொரு குறையுங் கேட்டிருப்பீர்கள். நம் மண் சுண்ணாம்புக்கல்லின்மேற் கிடப்பது. கிணற்று நீரும் சுண்ணாம்பு மிகுந்தது. இங்கே வெட்சியின் இளந்தளிர், நரம்பு பச்சையாயும் இடைப்பகுதி மஞ்சளாயும் வெளிறுதல் உண்டு. மண்ணில் இரும்பில்லாமையன்று காரணம். இரும்பு இருந்தும், சுண்ணாம்பின் மிகுதியால் வேர் அதனைப் பற்றவியலாமையே காரணம். அதனை அறியாதவன் செடி சோம்பியதென்று மேலும் வெட்டுவான், அல்லது உரத்தை அள்ளிக் கொட்டுவான். அறிந்தவனோ மக்கிய இலையெருவை அடியிலிட்டு, மழைநீரைச் சேர்த்து வார்த்து, பொறுத்திருப்பான். கூரிய கத்தியைக் கொண்டு, வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, மழை தொடங்குங் காலத்தில், மூன்றிலொரு பங்குக்கு மிகாது நறுக்குவான். வெட்டும் கை ஒன்றேயாயினும், ஒன்றின் பின்னே அறிவுண்டு. மற்றொன்றின் பின்னே ஆணவமுண்டு. எந்த உயிரின்மேல் நமக்கு அதிகாரமுண்டோ, அந்த உயிரின் இயல்பை அறிதல் நமக்குக் கடனாகின்றது. அறியாது செலுத்தும் அதிகாரமே தீங்கு.

இக்கடன் வேலியோடு முடிவதன்று. உண்ணிச்செடியை நம் நாட்டுக்குக் கொணர்ந்தோர் அதன் பலநிறப் பூவை விரும்பியே கொணர்ந்தனர். 1826ஆம் ஆண்டிற் பேராதனைத் தாவரத் தோட்டத்தின் வழியாக வந்த அச்செடி, பறவைகள் அதன் கனியை உண்டு வித்தைப் பரப்ப, தோட்டத்தைக் கடந்து காடெங்கும் பரந்தது. இன்று உடவளவை முதலிய வனங்களிலே யானை மேயும் புற்றரையை அது மூடிக் கிடக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊதாப் பூவின் அழகுக்காகக் கொணரப்பட்ட ஆகாயத்தாமரை குளங்களையும் வாய்க்கால்களையும் அடைத்தது. 1909ஆம் ஆண்டிலே அதனைத் தடுத்தற்கென்றே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நட்டவர் எவரும் தீங்கு நினைத்து நட்டாரல்லர். எனினும், நல்லெண்ணம் மாத்திரம் நற்செயலாகாது என்பதற்கு இவற்றினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ? பாடசாலை வேலிகளிலே அலரியும் மஞ்சள் அலரியும் நிற்பதை ஆசிரியர் பலர் அறிவர். இவ்விரண்டின் எல்லா உறுப்புகளும் இருதயத்தைத் தாக்கும் நஞ்சுடையன. மஞ்சள் அலரியின் வித்து மிகக் கொடியது. சிறு பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் இடத்தில் அதனை நட்டு வைத்து, "பூ அழகியது" என்று வாளாவிருத்தல் தகாது. ஆண்டிலே சிறியோர் பயிலுமிடத்தில் அதற்குப் பதிலாக நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் நடுதல் நம் கையிலுள்ளது.

இதுகாறும் கூறியவை அறிவைச் சார்ந்தவை. ஆயின், நீரின் அளவையும் வெட்டின் முறையையும் நன்கறிந்த ஒருவன் பூஞ்செடி வளர்ப்பினால் நல்லவனாகின்றானா என்னும் வினா இன்னும் எஞ்சி நிற்கின்றது. இதற்கு நூலிலன்றி என் வாழ்க்கையிலேயே விடை தேடவேண்டியதாயிற்று. அது எனக்குப் பெருமை தருவதன்று, எனினும் மறைத்தற்குரியதுமன்று.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத நடுவில், ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் எல்லாம் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிச் சென்றதை மறந்தார் யார்? அன்று எம் வீட்டிலும் மூட்டை கட்டினோம். யான் சைக்கிளிலே அரிசியையும் உடுபுடவையையும் கட்டிக்கொண்டு நிற்கையில், என் அன்னையாரைக் காணவில்லை. உள்ளே சென்று பார்த்தேன். தாழ்வாரத்தின் சீமெந்துத் தரையில் வரிசையாக நின்ற பூச்சாடிகளை அவர் ஒவ்வொன்றாக இழுத்து முற்றத்தின் வெளியிலே வைத்துக்கொண்டிருந்தார். "இப்பொழுது இதுவா வேலை?" என்று சினந்தேன். அவர் என்னை நோக்காமலே, "நாங்கள் இல்லாவிட்டாலும் மழை வருமே" என்றார். அவ்வளவே அவர் கூறியது. கடைசிச் சாடியையும் வெளியே வைத்தபின்னரே கதவைப் பூட்டினார். அன்றிரவு வழியெல்லாம் மழை பெய்தது.

அடுத்த ஆண்டு சித்திரை கழிந்தபின் மீண்டு வந்தோம். வீட்டின் கூரையிற் பாதி இல்லை. சாடிகளிலிருந்த உரோசாவும் குறோட்டனும் காய்ந்து குச்சியாயின. நந்தியாவட்டை ஒன்று மாத்திரம் பச்சையாய் நின்றது. சாடியை அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அடித்துளை வழியாக வேர் இறங்கி முற்றத்து மண்ணைப் பற்றியிருந்தது. தாழ்வாரத்துச் சீமெந்திலேயே நின்றிருப்பின் அதுவும் மாண்டிருக்கும். பின்பு சாடியை உடைத்து அதனை அவ்விடத்திலேயே வாழவிட்டோம். அன்னையார் மறைந்தபின்னும் அது பூக்கின்றது.

அவர் செய்த செயலை அறத்தராசிலே வைத்து நிறுத்துப் பாருங்கள். அதனால் அவர் பெறக்கூடிய பயன் ஒன்றுமில்லை. மீண்டு வருவோமென்னும் உறுதியுமில்லை. கண்டு புகழ்வாரும் இலர். கண்ட மகனுஞ் சினந்தான். செடி நன்றி கூறுவதுமன்று. காலத்தை வீணாக்கினாரெனின், அதனாற் பிறருக்குற்ற இடர் சில நிமிடமேயாம். தம் பாதுகாப்பிலிருந்த உயிரொன்றைத் தாம் நீங்குமிடத்தும் கைவிடாது, மழையின் கையிலே ஒப்படைத்துச் சென்றார். அன்பென்பது இதுவன்றி வேறியாது? அதற்குப் பின்னே அறிவும் நின்றது. கூரையின்கீழ் மழை எட்டாதென்பதை அவர் அந்த அவதியிலும் மறந்திலர்.

இனி என் செயலைக் கேளுங்கள். யான் இளமையிற் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே புற்றரையைச் சூழக் குறோட்டன்கள் நிறவாரியாக நிற்கும்; வேலிகள் நூல் பிடித்தாற்போல இருக்கும். செடிகளின் பெயரையும் பதியம் வைக்கும் முறையையும் ஒழுங்கில் விருப்பத்தையும் அங்கேதான் பெற்றேன்; அதற்கு நன்றியுடையேன். யான் ஆசிரியனாகி ஒரு கிராமத்துப் பாடசாலைக்குச் சென்றபொழுது, அம்மாதிரியே ஒரு குறோட்டன் வரிசையை முன்றிலில் அமைத்தேன். 2003ஆம் ஆண்டிலே, மேலதிகாரிகள் வந்து பார்வையிடவிருந்த நாளுக்கு முதனாள், வரிசையின் நடுவிலிருந்த மிக அழகிய செடியின் தலைக்கொம்பு முறிக்கப்பட்டிருக்கக் கண்டேன். ஆறாம் வகுப்பிற் படித்த ஒரு சிறுவன் முறித்தானென்று பிள்ளைகள் கூறினர். ஏன் முறித்தாயென்று யான் கேட்டேனேயன்றி, அவன் விடை கூறும்வரை பொறுத்தேனல்லேன். பிரம்பாலடித்தேன். அவன் அழவுமில்லை, பேசவுமில்லை. மறுநாள் வரவில்லை, அடுத்த கிழமையும் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். ஓலையால் வேய்ந்த சிறு வீடு. முற்றம் வெறுமையாய் இருந்தது. கிணற்றடியிலே உடைந்த பானையொன்றில் அக்கொம்பு நடப்பட்டு நின்றது. அடியிலை இரண்டு உதிர்ந்திருந்தன; நுனி வாடவில்லை. குறோட்டன் கொம்பிலே வேர்விடும் இயல்புடையதென்று வகுப்பிலே அவனுக்குக் கற்பித்தவன் யானே. அவனுடைய தாய் எழுந்து நின்று, "ஐயா, பள்ளிக்கூடத்து மரம்போல ஒன்று எங்கள் வளவிலும் நிற்கவேண்டுமென்று ஆசைப்பட்டான், கேட்டாற் தரமாட்டீர்களென்று பயந்துவிட்டான்" என்றாள். கேட்டிருந்தால் யான் கொடுத்திருப்பேனோ என்று என்னையே வினவினேன். மேலதிகாரிகள் வருநாளுக்கு முதனாளிற் கொடுத்திரேன் என்பதே உண்மை. சிறுவன் வீட்டினுள்ளிருந்து வெளியே வரவில்லை. அவன் மாமனார் ஒருவரோடு வேலைக்குச் செல்லத் தொடங்கிவிட்டானென்று பின்பு அறிந்தேன். பலமுறை சென்றழைத்தும் அவன் பாடசாலைக்கு மீளவில்லை.

முறிந்த செடி என்னாயிற்று? மேலே கூறிய நியதியின்படி, முறிந்த இடத்தின் கீழ் மூன்று தளிர் விட்டு, முன்னினும் அடர்ந்து வளர்ந்தது. செடிக்கு அவன் செய்தது தீங்கன்று; அதற்கு நன்மையே விளைந்தது. சிறுவனுக்கு யான் செய்ததோ தளிர்க்கவில்லை.

ஆசிரியனைத் தோட்டக்காரனுக்கும் மாணவனைச் செடிக்கும் ஒப்பிட்டுப் பேசுதல் நமக்குப் பழகிய வழக்கு. நீர் வார்த்தல் கற்பித்தலாம்; களை பிடுங்குதல் தீயொழுக்கம் நீக்குதலாம்; கொம்பு நறுக்குதல் தண்டித்தலாம். யானும் எத்தனையோ மேடையில் இவ்வாறு பேசியுள்ளேன். இவ்வுவமை பாதி வழியே செல்வது. மண்ணையறிந்து பொறுத்திருத்தல் வேண்டுமென்பதில் அது பொருந்தும். வெளிறிய தளிரைச் சோம்பலென்று பழியாது, அது பற்றவியலாத இரும்பு யாதென்று தேடவேண்டுமென்பதிலும் பொருந்தும். அதற்கப்பாற் பொருந்தாது. செடி தன் வடிவத்தைத் தான் தெரிவதன்று. நாம் நறுக்கிய வடிவிலே நிற்பதால் அதற்கு இழிவுமில்லை. பிள்ளையோ தானே எண்ணித் துணியும் உயிர். செடியை வெட்டினால் உறங்கிய மொட்டு விழிக்கும். பிள்ளையை வெட்டினால் விழித்திருந்த மொட்டும் உறங்கிவிடும். நம் கண்ணுக்கினிய வரிசையிலே பிள்ளைகளை நிறுத்திவைத்து, பார்க்க வருவோர் புகழ்தலை விரும்பும் ஆசிரியன் வளர்ப்பது பிள்ளையையன்று, தன் செருக்கையே.

இவற்றாற் பெறப்படுவது யாது? பூஞ்செடி வளர்த்தல் தன்னளவில் அறமுமன்று, மறமுமன்று. அதன் பின்னே நிற்கும் உள்ளமே அதனை அறமாகவும் ஆணவமாகவும் ஆக்குகின்றது. ஒரே குறோட்டனை முன்னிட்டு ஒருவன் உயிர்களிடத்து அன்பு பழகவும் கூடும். ஒரு சிறுவனுடைய கல்வியை அழிக்கவுங் கூடும். எவ்வுள்ளம் நம்முடையதென்று அறிதற்குத் துணையாக மூன்று வினாக்களை நமக்குள்ளே கேட்டுக்கொள்ளலாம். பார்ப்பார் ஒருவரும் இல்லாவிடத்தும் இச்செடிக்கு நீர் வார்ப்பேனோ? இதன் இயல்பை அறிந்து செய்கின்றேனோ, என் விருப்பத்தை அதன்மேற் சுமத்துகின்றேனோ? இதிலொரு கொம்பை விரும்பிக் கேட்பானொருவனுக்கு மகிழ்ந்து கொடுப்பேனோ? மூன்றுக்கும் ஆமென்று விடை கூறத்தக்கவனுடைய தோட்டம் சிறிதாயினும் அது நல்ல தோட்டமே.

இளம் ஆசிரியருக்கு யான் பின்பு கூறிய விடை இதுவே. அவர் அதனை முழுவதும் ஒப்பினாரல்லர். எனினும் இருவரும் கூடி ஒரு காரியஞ் செய்தோம். முன்றிலிலே ஒரு பாத்தியை ஒதுக்கி, செவ்வரத்தை, நந்தியாவட்டை, குறோட்டன் என்பவற்றின் தாய்ச்செடிகளை நட்டோம். ஐப்பசி மழை தொடங்கும்போது எந்தப் பிள்ளையும் கேட்டு ஒரு கொம்பு பெற்றுத் தன் வீட்டிலே நடலாமென்று அறிவித்தோம். கைகழுவும் நீர் அப்பாத்திக்குச் செல்லுமாறு வாய்க்கால் வெட்டினோம். ஆண்டுதோறும் அச்செடிகள் கொம்பிழந்து மொட்டையாய் நிற்குங் காலமொன்றுண்டு. பார்வைக்கு அழகில்லை என்று சிலர் கூறுவர். ஒரு மாதம் பொறுத்திருந்தால் அவை தளிர்த்துவிடும். அதற்குள்ளே ஊரிலே இன்னும் பத்து முற்றங்களிற் செடி நடப்பட்டிருக்கும்.

ஆசிரிய அன்பர்களே, உங்கள் பாடசாலை முன்றிலில் நிற்குஞ் செடிகளை நாளைக் காலையில் ஒருமுறை நின்று நோக்குங்கள். அவற்றின் ஒழுங்கைப் பார்க்குமுன், அவற்றினிடையே அஞ்சாது நடமாடும் பிள்ளைகள் எத்தனை பேரென்று பாருங்கள்.